பல குறிகள் ஒரு குறியான வரலாறு

1995ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 27ஆம் நாள், சிங்கப்பூரின் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் ஓர் இணையத்தளத்தைத் தொடங்கி வைத்தார். 1984 முதல் 1995 வரை இந்நாட்டில் எழுந்த கவிதைகளின் தொகுப்பு அது. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளும் அதில் இடம்பெற்றன. உலகத்தார் காண இணையத்தில் ஏறிய முதல் தமிழ்ப் பக்கம் அதுவே என்பர். இணையத் தமிழ், விலைப்பட்டியலாகவோ அரசாணையாகவோ பிறவாமல் கவிதையாகப் பிறந்தது என்பது தமிழாசிரியர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியே. ஆயினும் அந்நாளில் தமிழ்ப் பக்கம் எதனைப் படிப்பதாயினும் அதற்கென வடிக்கப்பட்ட எழுத்துருவைப் படிப்பவர் தம் கணினியில் முன்னரே நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. நிறுவாதார் கண்டது ஆங்கில எழுத்தும் பொருளற்ற குறிகளும் கலந்த ஒரு குழப்பம். ஒரு தமிழ் எழுத்துருவில் எழுதியதை மற்றொரு தமிழ் எழுத்துரு படிக்கமாட்டாது. தமிழ் தமிழுக்கே அயன்மொழியாய் நின்ற காலம் அது. அந்நிலை மாறிய வகையும், அம்மாற்றத்திற்காகத் தமிழர் விட்டுக்கொடுத்தவையும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

கவிதைத் தளத்தில் தமிழ் ஏறுதற்கு உழைத்தவர் நா. கோவிந்தசாமி. 1946இல் பிறந்த அவர் சிறுகதையாசிரியராக இந்நாட்டார்க்கு அறிமுகமானவர். 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதைப் பெற்றவர். தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்க்குப் பயிற்சியளிக்கும் விரிவுரையாளராய்ப் பணியாற்றினார். அக்கழகம் அப்போது புக்கிட் தீமா வளாகத்தில் இருந்தது. அவர் உருவாக்கிய தமிழ் மென்பொருளுக்குக் கணியன் என்று பெயரிட்டார். யாதும் ஊரே என்று பாடிய புலவரின் பெயரை உலகெங்கும் செல்லவேண்டிய ஒரு கருவிக்குச் சூட்டியதில் அவருடைய நோக்கம் விளங்குகிறது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவும் அங்குப் பணியாற்றிய உயிர்வேதியியலறிஞர் டான் டின் வீயும் அவருக்குத் துணை நின்றனர். தமிழ் தெரியாத ஒரு சீன அறிஞர் தமிழ் இணையத்துக்குச் செய்த தொண்டு பெரிது. பன்மொழி நாடொன்றில்தான் இத்தகைய கூட்டு எளிதாய் அமையும்.

எழுத்துருக்கள் ஒன்றோடொன்று ஒவ்வாமற் போனதன் காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. அந்நாளைய கணினிகள் ஓர் எழுத்துக்கு எட்டு இலக்கங்களை ஒதுக்கின. அவற்றால் 256 இடங்களே கிடைக்கும். முதற்பாதியாகிய 128 இடங்களை ஆங்கிலம் கொண்டது. எஞ்சியவற்றில் தமிழின் 247 எழுத்துகளை எவ்வாறு அடைப்பது? ஆகவே எழுத்துகளை உறுப்புறுப்பாகப் பிரித்தனர். கொம்பும் காலும் விசிறியும் தனித்தனி இடம் பெற்றன. உகர ஊகார வரிசைகள் மட்டும் பிரிக்க இயலாதவை. அவை முழு எழுத்தாகவே நின்றன. எந்த உறுப்பு எந்த எண்ணுக்குரியது என்பதை ஒவ்வோர் எழுத்துரு வடிப்பாளரும் தத்தம் விருப்பப்படி வகுத்துக்கொண்டார். ஒருவர் ககரத்தை வைத்த இடத்தில் மற்றொருவர் கொம்பை வைத்தார். சிராங்கூன் சாலை வட்டாரத்தில் திருமண அழைப்பிதழும் கோயில் விழா அறிக்கையும் அச்சிட்டுத் தந்த சிறு அச்சகங்களுக்கு இதன் துன்பம் நன்கு தெரியும். ஓர் அச்சகத்தில் கோத்த பக்கத்தை வட்டில் எடுத்துக்கொண்டு அடுத்த அச்சகத்துக்குச் சென்றால், அங்கு அது எவராலும் படிக்க இயலாததாகிவிடும்.

இவ்வாறு தனித்து உழைத்தோர் பலர். கனடாவில் சீனிவாசன் 1984இலேயே ஆதமி என்னும் செயலியை ஆக்கினார். மலேசியப் பொறியாளர் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார்; அதன் ஒரு பதிப்பு இலவசமாகவும் கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், மயிலை என்னும் எழுத்துருவை 1993இல் வடித்து யாவர்க்கும் விலையின்றி வழங்கினார். ஆசுதிரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ் மடற்குழு இவர்களை ஒருவரோடொருவர் பேச வைத்தது. இவர்களுள் எவரும் பிறரை வீழ்த்தும் எண்ணத்தோடு தொடங்கியவரல்லர். தம் மொழியைத் தம் மேசையிலிருந்த கணினியில் காணவேண்டும் என்னும் வேட்கையே அவர்களைச் செலுத்தியது. எனினும் பல நல்ல முயற்சிகள் சேர்ந்தே ஒரு தீய விளைவைத் தந்தன. சிங்கப்பூரில் இந்திய இனத்தவர் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவானவர். தமிழ் படிப்போர் அவர்களுள்ளும் ஒரு பகுதியினரே. அச்சிறு கூட்டமும் எழுத்துருவால் பிளவுபட்டால், தமிழ்க் கணினிப் பாடம் இங்கு வேரூன்றியிருக்க முடியாது.

இந்நிலை தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. மென்பொருள் உலகம் முழுவதும் இதே பாதையில்தான் நடந்து வந்திருக்கிறது. இணையச் செயலிகளைக் கட்டுதற்குரிய சட்டகங்களின் வரலாற்றை ஒப்புநோக்கின் இது புலனாகும். வீடு கட்டுவோர்க்குத் தூணும் உத்திரமும் முன்பே நிறுத்தித் தரப்பட்டாற்போல, வருபவர் இன்னார் என அறிதல், தரவைச் சேமித்தல், பக்கத்தை வடித்துத் தருதல் முதலிய பொதுப் பணிகளை ஆயத்தமாகக் கொண்டிருப்பது சட்டகம். இவற்றுட் பல திறமூல மென்பொருள்கள். அஃதாவது, மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு வெளியிடப்பட்டவை. உரிமை திறந்திருப்பதால் கிளை பிரிதல் எளிது. மனம் ஒவ்வாதவர் படியொன்றை எடுத்துக்கொண்டு தனிவழி செல்லலாம். ஒன்றுசேர்தல்தான் அரிது. ஆயினும் அது நிகழ்ந்திருக்கிறது. ஜாவா மொழியில் எழுந்த ஸ்ட்ரட்ஸ், வெப்வொர்க் என்னும் இரண்டும் 2005இல் இணைய முடிவு செய்து 2007இல் ஸ்ட்ரட்ஸ் 2 என வெளிவந்தன. நோட் என்னும் தளத்திலிருந்து 2014 இறுதியில் பிரிந்த அயோ என்னும் கிளை, 2015 செப்டம்பரில் மீண்டும் தாயோடு சேர்ந்தது.

இவற்றுள் நின்று நோக்கத்தக்கது ரெயில்ஸ், மெர்ப் ஆகியவற்றின் இணைப்பு. டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைன்மியர் ஹான்சன் 2004இல் வெளியிட்ட ரெயில்ஸ் விரைவில் புகழ் பெற்றது. அது எல்லாவற்றையும் ஒருசேரக் கட்டித் தருகிறது, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள இடமில்லை எனக் குறை கண்டவர்கள் மெர்ப் என்னும் மெலிந்த சட்டகத்தை 2006 முதல் வளர்த்தனர். இரு சாராரிடையே சொற்போரும் நடந்தது. 2008 டிசம்பர் 23ஆம் நாள், இரண்டும் ஒன்றாகும் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. 2010 ஆகஸ்டில் ரெயில்ஸ் 3 வந்தது. மெர்ப் என்னும் பெயர் மறைந்தது; ஆனால் உறுப்புகளைப் பிரித்தெடுக்கலாம் என்ற அதன் கொள்கை ரெயில்ஸுக்குள் புகுந்துவிட்டது. மெர்ப்பை நடத்திய எகூடா கட்ஸ் ரெயில்ஸின் மைய அணியில் ஒருவரானார். பெயரை இழந்தவர் கொள்கையால் வென்றார். தமிழ்க் குறியீடுகளின் இணைப்பிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு.

1997ஆம் ஆண்டு மே 17, 18 ஆகிய நாள்களில் தமிழ்நெட் 97 என்னும் கருத்தரங்கு சிங்கப்பூரில் கூடியது. கோவிந்தசாமியும் அவரோடு உழைத்தவர்களும் அதனை நடத்தினர். அதுவரை மின்னஞ்சலில் மட்டும் வழக்காடியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினர். அங்கு முடிவு எதுவும் எட்டப்படவில்லை. ஆனால் பொதுக்குறியீடு வேண்டும் என்பதை மறுப்பாரும் இல்லாமற் போயினர். அடுத்து வந்த ஆண்டுகளில் பல நாட்டுத் தமிழர் மடல்வழியே விவாதித்து, திஸ்கி என்னும் தரக்குறியீட்டை ஆக்கினர். இது எந்த அரசும் ஆணையிடாமல் தன்னார்வலர் கூடி ஆக்கியது. தமிழக அரசோ 1999 பிப்ரவரி 7, 8 நாள்களில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாட்டைக் கூட்டியது. அதன் விளைவாக டாப், டாம் என்னும் இரு குறியீடுகளும், தமிழ்99 என்னும் விசைப்பலகையும் தரமாயின. பலவாயிருந்த குறியீடுகள் சிலவாயின, ஒன்றாகவில்லை. புலம்பெயர்ந்தோர் திஸ்கியைப் பற்றினர், தமிழகத்தார் டாப்பைப் பற்றினர்.

விசைப்பலகையைப் பொறுத்தவரை சென்னை மாநாடு செய்தது நிலைத்த பணி. பழைய தட்டச்சுப் பொறியில் கெ என்று எழுதக் கொம்பை முதலில் தட்டிப் பின்னர்க் ககரத்தைத் தட்டவேண்டும். கண்ணுக்குத் தோன்றும் வரிசை அது. தமிழ்99 பலகையில் ககரத்தைத் தட்டி, பின் எகரத்தைத் தட்டினால் கெ வரும். இது நாவில் ஒலிக்கும் வரிசை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்திலும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கத்திலும் அமைந்தன. அ, ம, ம, ஆ என நான்கு விசைகளைத் தட்டினால், இரட்டித்த மகரத்தின் முதலெழுத்துத் தானே புள்ளி பெற்று அம்மா என நிற்கும். இலக்கணத்தை இயந்திரத்துக்குக் கற்பித்த அமைப்பு என இதனைக் கூறலாம். ஒலிப்புமுறை விசைப்பலகையே தமிழுக்கு ஏற்றது என்பது கணியன் கைக்கொண்ட நெறியும் ஆகும். கணியன் என்ற பெயர் இன்று மாணவர் பலர்க்குத் தெரியாது. அந்நெறியோ அவர்கள் விரல்களில் வாழ்கிறது.

அதே 1999ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் கோவிந்தசாமி தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். அடுத்த மாநாடு அவருடைய நகரிலேயே, 2000 ஜூலை 22 முதல் 24 வரை கூடியது. அவர் அதனைக் காணவில்லை. அம்மாநாடு புதிய குறியீடு எதனையும் படைக்க முற்படாமல், உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தது. உத்தமம் என்பது அதன் சுருக்கப் பெயர். குறியீட்டைவிடக் குறியீடு பற்றிப் பேசுதற்குரிய மன்றமே முதலில் தேவை என்று உணர்ந்தது அறிவுடைமை. அதன் முதற் செயல் இயக்குநராகச் சிங்கப்பூரின் அருண் மகிழ்நன் பொறுப்பேற்றார். கோலாலம்பூர், கலிபோர்னியா, சென்னை, மீண்டும் 2004இல் சிங்கப்பூர் எனத் தமிழ் இணைய மாநாடுகள் தொடர்ந்தன.

இதற்கிடையே, தமிழர் தம்முள் வழக்காடிக்கொண்டிருந்த குறியீடுகளுக்கு வெளியே ஒன்று வளர்ந்து வந்தது. உலகின் எழுத்துகள் யாவற்றுக்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி 1991இல் வெளியானபோதே தமிழுக்கும் 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. அவ்வொதுக்கீடு இந்திய அரசின் இஸ்கி குறியீட்டைத் தழுவியது. இஸ்கியோ தேவநாகரியின் அமைப்பைப் பின்பற்றியது. ஆகவே தமிழ்ப் பட்டியலில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே மூன்று இடங்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன. வடமொழியின் வருக்க எழுத்துகள் நிற்கவேண்டிய இடங்கள் அவை. வேறொருவர் அளவுக்குத் தைத்த சட்டையைத் தமிழ் அணிந்துகொண்டது போன்ற தோற்றம் இது.

தமிழாசிரியர்க்கு இதனினும் பெரிய மனக்குறை ஒன்றுண்டு. மெய்யெழுத்து இயல்பாகவே புள்ளியோடு நிற்பது, உயிர் ஏறும்போது அப்புள்ளி நீங்குவது என்பது தொல்காப்பியம் காட்டும் நெறி. மெய் முதல், உயிர்மெய் அதன் விளைவு. ஒருங்குறியில் இது தலைகீழாயிற்று. அங்கு அகரமேறிய ககரமே அடிப்படை. அதனோடு புள்ளி என்னும் தனிக்குறியைச் சேர்த்தால்தான் மெய் பிறக்கும். தமிழ் என்னும் சொல்லில் எழுத்து மூன்று என வகுப்பில் கற்பிக்கிறோம். ஒருங்குறி தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்தாக எண்ணும். இணையத்தில் பெருவழக்கான யூ.டி.எஃப்-8 வடிவில் சேமித்தால் அச்சொல் பதினைந்து எண்முறிகளைக் கொள்ளும். எழுத்தை எண்ணும் யாப்பிலக்கண மாணவனுக்குக் கணினி தரும் விடை பிழையாகும் என்பது வெறும் உணர்ச்சி வாதமன்று.

இக்குறையைக் களைய, ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ்16 என்னும் குறியீட்டைத் தமிழக அரசு ஆதரித்தது. அதில் தமிழ் என்பது மூன்றெழுத்தே. ஒருங்குறிச் சேர்த்தியம் தன் அமைப்பை மாற்ற இசையவில்லை. ஒருமுறை வழங்கிய எண்ணை மாற்றலாகாது என்பது அதன் உறுதி. 2010 ஜூன் 23ஆம் நாள், கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய அன்று, ஒருங்குறி, டேஸ்16 ஆகிய இரண்டையும் தமிழக அரசு தரமாக ஏற்றது. இரண்டு தரம் என்பது தரமின்மைக்கு மற்றொரு பெயர் என்று கூறத் தோன்றுகிறது. இலக்கணத்தின்படி டேஸ்16 சிறந்ததாகலாம். ஆனால் பிறர் கணினியில் தெரியாத எழுத்து எத்துணைச் சிறந்ததாயினும் மடலாகப் பயன்படாது. மேலும், ஒருங்குறி நெறி முற்றும் அயலானதும் அன்று. கரும்பலகையில் எழுதும் சிறுவன் ககரத்தை வரைந்த பின்னரே மேலே புள்ளியிடுகிறான். ஒருங்குறி செவியின் இலக்கணத்தை விட்டுக் கையின் இலக்கணத்தைப் பற்றியது எனக் கொள்ளலாம்.

ஒருங்குறி நிலைபெற்றது தமிழ் மாநாடுகளின் தீர்மானத்தால் மட்டுமன்று. விண்டோஸ் 2000 என்னும் இயங்குதளம் லதா எழுத்துருவோடு தமிழை ஏற்றது. பிறகு இணையச் சட்டகங்கள் ஒவ்வொன்றாய் ஒருங்குறிக்கு மாறின. அமெரிக்காவின் கான்சசு மாநிலத்தில், லாரன்சு என்னும் சிறு நகரின் நாளிதழ் அலுவலகத்தில் பிறந்து 2005இல் வெளியிடப்பட்ட ஜாங்கோ, 2007இல் தன் உட்பகுதி முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டது. மேலே கண்ட ரெயில்ஸ் 3இன் கதை இன்னும் சுவையானது. பழைய உலாவிகள் சில, படிவத்தில் எழுதியதை வேறு குறியீட்டில் அனுப்பிச் சிதைத்தன. அதனைத் தடுக்கப் படிவத்துள் மறைவாக ஒரு பனிமனிதன் உருவக் குறியை வைத்தனர். அக்குறி பழைய குறியீட்டில் இல்லாததால், உலாவி வேறு வழியின்றி ஒருங்குறி வடிவில் அனுப்பியது. பின்னர்ப் பனிமனிதனுக்கு மாற்றாகச் சரிக்குறி வந்தது. இருபிரிவினர் பகை மறந்து கட்டிய சட்டகத்தில் ஒரு பனிமனிதன் மறைந்து நின்று உலக மொழிகளைக் காத்தான். தமிழ்ப் பெயரைப் படிவத்தில் எழுதி அனுப்பிய பயனருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சிங்கப்பூரில் இதன் பயன் வெளிப்படையாயிற்று. 2005ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் ஒலி 96.8 வானொலியோடு இணைந்து முத்து நெடுமாறனின் செல்லினம் இங்கு அறிமுகமாகி, கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுத வழிவகுத்தது. 2011இல் .சிங்கப்பூர் என்பதே இணைய முகவரியின் ஈறாகத் தமிழ் எழுத்தில் நடைமுறைக்கு வந்தது. பன்மொழி முகவரிக்கான தொடக்க ஆய்வுகள் 1998இல் டான் டின் வீயின் குழுவினரால் இந்நகரிலேயே நடந்தவை. 2015இல் நாட்டின் பொன்விழாவையொட்டி, சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் 300க்கும் மேற்பட்டவை மின்வடிவம் பெற்றுத் தேசிய நூலகத்தின்வழி வெளிவந்தன. ஒருங்குறியும் வளர்கிறது. பழைய கணக்கேடுகளில் வழங்கிய பின்னக் குறிகள், அளவைக் குறிகள் உள்ளிட்ட 51 குறிகள் 2019இல் தமிழுக்கெனத் தனித் தொகுதியாய்ச் சேர்ந்தன. முந்திரியும் மாகாணியும் இப்போது தமக்குரிய எண்ணைப் பெற்றுவிட்டன.

இழப்பும் இருந்தது. சட்டகங்கள் இணைந்தபோது நிரலாளர் சில திங்கள் உழைத்துத் தம் செயலிகளைத் திருத்திக்கொண்டனர். எழுத்துக் குறிகள் இணைந்தபோது பழையவற்றில் எழுதப்பட்ட நூல்களும் கடிதங்களும் வினாத்தாள்களும் தனித்து விடப்பட்டன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை முன்னிருந்த குறியீடுகளிலிருந்து திஸ்கிக்கும், திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கும் பொறுமையாய் மாற்றியது. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் எண்ணற்ற பக்கங்களை மீட்டன. ஆயினும் மாற்றிக்கு முதலில் கூறவேண்டுவது மூல எழுத்துருவின் பெயர். 1990களில் எழுதிய கோப்புகள் பலவற்றில் அப்பெயர் குறிக்கப்படவில்லை. பள்ளி அலமாரிகளிலும் எழுத்தாளர் இல்லங்களிலும் எஞ்சியுள்ள நெகிழ்வட்டுகளைப் படிக்கும் கருவிகளும் அருகிவிட்டன. கோப்பின் அச்சுப்படி ஒன்றேனும் கிடைத்தால், எந்த எண் எந்த எழுத்தைக் குறித்தது என்பதை ஒப்பிட்டுக் கண்டு மீட்டுவிடலாம். அத்தகைய அச்சுப்படிகளைத் தேடிச் சேர்க்கும் பணி இன்னும் செய்யப்படாமலே கிடக்கிறது.